சாயங்காலம் ஆனால் வயிறு உப்பிக்கொள்கிறது, கேஸ் மாத்திரைக்கும் அடங்கவில்லை. என்ன செய்யலாம்?

காலடிப்பேட்டை வாசி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. வடசென்னை மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கொஞ்ச நாளாகவே வயிற்று உப்புசம் படுத்தி எடுக்கிறது. தூங்கி எழும்போது வயிறு சாதாரணமாகத்தான் இருக்கிறது. மதியம் சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் மத்தளம் மாதிரி ஆகிவிடும். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினால்தான் உட்கார முடிகிறது. கூட வேலை செய்பவர்களோடு ஒரே ஏசி அறையில் இருப்பதால் காற்றை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அது தனி வேதனை.

வலி பெரிதாக இல்லை. உடம்பு இளைக்கவில்லை. தெருமுனை மெடிக்கலில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறேன். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று. வாயு என்று சொல்லி வீட்டில் பருப்பு, உருளைக்கிழங்கு இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ரசம் சோறும் அப்பளமும்தான். அப்படியும் உப்புசம் போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை தாத்தா

தம்பி, மாத்திரையை நிறுத்து. ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பாலில் நாலைந்து பல் பூண்டைப் போட்டு வேகவைத்துக் குடி. மதியம் மோரில் பெருங்காயம் கலந்து குடி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் மருந்து.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

காலடிப்பேட்டை தம்பிக்கு. நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேற்பட்ட சர்வீஸ் குடல், கல்லீரல் வார்டில்தான். டாக்டர் இல்லை, அதனால் மருந்து எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் உப்புசம் என்று வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவள்.

என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட எப்போது உப்புகிறது என்பதுதான் முக்கியமான தகவல். சாப்பிட உட்கார்ந்த உடனேயோ, பாதிச் சாப்பாட்டிலேயோ மேல்வயிறு அடைத்துக்கொண்டு ஏப்பமாக வந்தால் விஷயம் இரைப்பையில் இருக்கிறது. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது விழுங்கும் காற்று, சோடா, வயிற்றுப் புண், சுகர்காரர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவது எல்லாம் இந்தப் பக்கம். சாப்பிட்டு நேரம் கழித்து, தொப்புளுக்குக் கீழே உப்பி, காற்று கீழ்வழியாகப் பிரிந்தால் அது பெருங்குடல் வேலை. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கும். அதில் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் உண்டாகும்.

ஒரு ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை காற்று பிரியும். அளவு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். ஆகவே காற்று பிரிவதே நோய் இல்லை. அடக்கி அடக்கி வைப்பதுதான் வயிற்றை இன்னும் வீங்க வைக்கிறது. எழுந்து வெளியே போய் வாருங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. காலை, மாலை என்ற வித்தியாசமே இல்லாமல் வயிறு பெரிதாகவே இருப்பது. போன மாதம் போட்ட ஜாக்கெட்டோ பேண்ட்டோ இந்த மாதம் இடுப்பில் ஏறாமல் இருப்பது. அதைக் கேஸ் என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது. இரண்டு கேள்விகள். கேஸ் மாத்திரை தவிர வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? சுகர், பிரஷர் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். மலம் தினமும் சுலபமாகப் போகிறதா?

வியாசர்பாடி அத்தோ கடை

சிஸ்டர், தாத்தா சொன்ன பூண்டுப் பாலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? என் கடையில் வாயுத் தொல்லை என்று வருகிறவர்கள் பூண்டைத் தூக்கலாகப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

பெரியவர் மனம் கோணக் கூடாது என்று பார்த்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

பூண்டிலும் வெங்காயத்திலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதை உடைக்கும் நொதி எந்த மனிதனின் குடலிலும் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். பலருக்கு அது ஒரு தொந்தரவும் தராது. குடல் கூச்சம் உள்ளவர்களுக்கு உப்புசத்தைக் கூட்டும். பால் இன்னொரு பக்கம். வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி நம் பக்கத்தில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். டீயில் விடும் கொஞ்சம் பாலை உடம்பு தாங்கிக்கொள்ளும். ஒரு டம்ளர் முழுப் பால் குடித்தால்தான் வயிறு கடமுடா என்று உருளும். உப்புசக்காரர் இரண்டையும் சேர்த்துப் படுக்கப் போகும் நேரத்தில் குடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

தாத்தா சொன்ன மோர் சரி. தயிர் உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. பாலை நீர் விட்டுக் குடிப்பதைவிட மோர் எவ்வளவோ மேல். பெருங்காயமும் சேரலாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை தாத்தா

கோபம் எதற்கும்மா? எனக்கு ஒத்துக்கொண்டது, அதனால் சொன்னேன். 74 வயதிலும் காலையில் ராபின்சன் பூங்காவை நாலு சுற்று சுற்றி வருகிறேன். பூண்டா, நடையா, எது காப்பாற்றியது என்று தெரியாது.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

நடைக்குப் பெரிய பங்கு உண்டு ஐயா. நடக்கும்போது குடல் அசைகிறது, தேங்கிய காற்று நகர்கிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நிதானமாக நடந்தாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். உங்களுக்குப் பூண்டு ஒத்துக்கொள்கிறது என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

காலடிப்பேட்டை வாசி

சிஸ்டர், சுகர் மாத்திரை போடுகிறேன். முதலில் மெட்ஃபார்மின் மட்டும் இருந்தது. சாப்பிட்ட பிறகு சுகர் ஏறுகிறது என்று தீபாவளிக்கு முன்னால் மாற்றி, மெட்ஃபார்மினோடு வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். இப்போது யோசித்தால் உப்புசமும் தீபாவளிப் பலகாரம் சாப்பிட்ட சமயத்தில்தான் ஆரம்பித்தது. பலகாரத்தால் என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தோம். மலம் பரவாயில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நைட் ஷிப்ட் வாரத்தில் இன்னும் தள்ளிப் போகும்.

மெடிக்கல் ஷாப் தம்பி, ராயபுரம்

அண்ணா, பி.ஃபார்ம் முடித்துவிட்டுப் பார்மசி நடத்துகிறேன். வோக்லிபோஸ் வேலை செய்யும் விதமே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்.

சோறு, இட்லி, சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்தைச் சிறுகுடல் குளுக்கோஸாக உடைத்துத்தான் ரத்தத்தில் சேர்க்கும். அந்த உடைக்கும் நொதியை வோக்லிபோஸ் தடுத்து வைக்கிறது. அதனால்தான் சாப்பிட்டதும் சுகர் சட்டென்று ஏறுவதில்லை. ஆனால் உடையாத மாவுச்சத்தில் ஒரு பங்கு பெருங்குடலுக்குப் போய்விடும். சிஸ்டர் சொன்ன பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. உப்புசமும் காற்றும் இந்த மாத்திரையின் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவுகள். அகார்போஸ் என்ற மாத்திரையும் இதே வகை. கூடவே இருக்கும் மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சுகர் ஏறினால் அது இதைவிடப் பெரிய வம்பு. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், "இந்த மாத்திரை மாற்றிய பிறகுதான் வயிறு உப்புகிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். இன்னொரு விஷயம்: வோக்லிபோஸைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட வேண்டும். எல்லா மாத்திரையையும் சாப்பிட்டு முடித்து மொத்தமாகப் போடுகிறவர்கள் நிறைய.

இந்த மாத்திரையோடு இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சுகர் இறங்கிப் படபடப்பு வந்தால் சர்க்கரையோ மிட்டாயோ உடனே வேலை செய்யாது. அதை உடைக்கும் நொதியைத்தான் தடுத்து வைத்திருக்கிறோமே. குளுக்கோஸ் பொடியைத்தான் கரைத்துக் குடிக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கட்டும்.

சுகர்காரர்களுக்கு என்று விற்கும் பிஸ்கட், சாக்லேட் சாப்பிடுவீர்களா? அதில் மால்டிட்டால், சார்பிட்டால் என்று எழுதியிருந்தால் அதுவும் காற்றைக் கூட்டும்.

அப்புறம் அந்த வெறும்வயிற்றுக் கேஸ் மாத்திரை. அது பெரும்பாலும் பான்டோபிரசோல், அல்லது அதோடு டாம்பெரிடோன் சேர்ந்தது. பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் அருமையான மருந்து. பெருங்குடலில் உண்டாகும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. யாரும் சொல்லாமல் வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையும். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும் மருந்து, உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது. டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடியது. அதைச் சீட்டு இல்லாமல் தினப்படி வாங்கிப் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். வியாபாரம் போனால் போகட்டும்.

காலடிப்பேட்டை வாசி

தம்பி, மிக்க நன்றி. நான் சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை இல்லாத பிஸ்கட் இரவு ஷிப்டில் ஒரு பாக்கெட் காலியாகும். இந்த வாரமே டாக்டரிடம் போகிறேன். பருப்பை முழுதாக நிறுத்தத் தேவையில்லை அல்லவா? வீட்டில் பிள்ளைகளும் சேர்ந்து ரசம் சோறு சாப்பிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

ஐயோ, பருப்பை நிறுத்தாதீர்கள். நம் வீடுகளில் தினப்படிப் புரதம் அதில்தான் வருகிறது.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதியும் நமக்குக் கிடையாது. ஆனால் இவை தண்ணீரில் கரையும். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் பாதித் தொல்லை போய்விடும். சத்து போய்விடும் என்று ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைக்கிற பழக்கம் உப்புசக்காரர்களுக்கு வேண்டாம். பாசிப்பருப்பு வயிற்றுக்கு இதமானது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் கொஞ்சமாக, வாரா வாரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

உளுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவு புளிக்கும்போது அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது. அதனால் இட்லி ஒத்துக்கொள்ளும் வயிற்றுக்கு வடை ஒத்துக்கொள்ளாமல் போகும். வடை புளிக்காத உளுந்து, மேலே எண்ணெய் வேறு. எண்ணெய் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். டீக்கடையில் நின்றுகொண்டே இரண்டு வடையை வாயில் போட்டுக்கொண்டு ஓடுவதில் இத்தனையும் சேர்ந்திருக்கிறது. விழுங்கும் காற்று வேறு.

குடல் கூச்சம், அதாவது ஐபிஎஸ் என்று டாக்டர் சொன்னவர்களுக்கு ஃபாட்மேப் உணவு முறை என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. புளிக்கக்கூடிய சர்க்கரைகளைச் சில வாரங்கள் மட்டும் ஒதுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது நமக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிப்பது. ஒதுக்குவதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி வருடக்கணக்கில் ஒதுக்கினால் உடம்பு வாடிப் போகும். உணவு ஆலோசகர் துணையோடு செய்ய வேண்டிய வேலை அது.

வியாசர்பாடி அத்தோ கடை

அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ். அதில் கோஸ், பச்சை வெங்காயம், மைதா நூடுல்ஸ், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பொரித்த தட்டை. இதில் எதைக் குறைத்துத் தந்தால் வயிறு உப்பாது? பர்மாவிலிருந்து வந்த என் பாட்டி காலத்திலிருந்து செய்கிற வியாபாரம். சாப்பிட்டுவிட்டு யாரும் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

நல்ல கேள்வி. பூண்டு எண்ணெயில் பயப்பட ஒன்றும் இல்லை. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைப் பொன்னிறமாக வறுத்து அரித்து எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் விட்டால் வாசனை வரும், வாயு வராது. வயிற்றுத் தொல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பச்சை வெங்காயத்தையும் கோஸையும் குறைத்து, கொத்தமல்லியைக் கூட்டிக் கொடுங்கள். கூடத் தரும் வாழைத்தண்டு சூப்பைச் சுடச்சுட அவசரமாக உறிஞ்சாமல் மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

எம்.சி. ரோடு சேல்ஸ் கேர்ள்

அக்கா, நான் துணிக்கடையில் வேலை செய்கிறேன். கடை பெயர் வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை நிற்பதுதான் வேலை. பாத்ரூம் போக சூபர்வைசரிடம் கேட்க வேண்டும், அதனால் பெண்கள் நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டிலும் நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். காலையில் வெளியே ஆள் நிற்கும்போது சரியாகப் போக முடியாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவைதான் போகிறேன். வயிறு எப்போதும் கல்லு மாதிரி இருக்கிறது. மாதவிலக்குக்கு முன்னால் இன்னும் மோசம். இஞ்சி, ஓமம் எதுவும் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

கண்ணு, உன் உப்புசத்துக்குக் காரணம் மலச்சிக்கல்தான் என்று தோன்றுகிறது. வழியில் மலம் தேங்கி நின்றால் பின்னால் வரும் காற்று எங்கே போகும்? தேங்கிய மலமும் கூடுதல் நேரம் புளிக்கும். இதற்கு ஓமம் என்ன செய்யும், பாவம். மாதவிலக்குக்கு முன்னால் ஹார்மோன் மாற்றத்தால் குடல் மந்தமாகும், உடம்பில் நீரும் தேங்கும். அந்த நாட்களில் உப்புவது இயல்பு. விலக்கு வந்ததும் குறைந்துவிட வேண்டும்.

காலையில் சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும். அதுதான் உடம்பு தரும் நேரம். உன் வீட்டில் அந்த நேரத்தில் கக்கூஸ் கிடைக்காது என்றால் கொஞ்சம் முன்னால் எழுந்து, வெதுவெதுப்பான தண்ணீரோ டீயோ குடித்து, கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடு. போக வேண்டும் என்ற உணர்வு வரும்போது அடக்காதே. அடக்கிப் பழகினால் அந்த உணர்வே மங்கிப்போகும். இசப்கோல் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடி, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடி. தண்ணீர் குடிக்காமல் உமியை மட்டும் எடுத்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் காற்று கொஞ்சம் கூடும், பயப்படாதே. இரண்டு வாரத்தில் வழிக்கு வரவில்லை என்றால் டாக்டரைப் பார். தைராய்டு குறைவாக இருந்தாலும் இப்படி ஆகும், அதற்கு ரத்தப் பரிசோதனை போதும்.

தண்ணீரைக் குறைப்பது சிறுநீர்த் தொற்றுக்கும் வழி. இதை நீ தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று இல்லை, கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

பேசின் பிரிட்ஜ் ஆட்டோ

தங்கச்சி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். நாள் முழுக்க நிற்க வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. கழிப்பறை வசதியும் தர வேண்டும். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், துணைக்குச் சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள்.

இந்த இழையைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சுக்குழியில் அடைத்த மாதிரி இருந்தது. "கேஸ்தான், சோடா வாங்கி வா" என்றார். சோடா குடித்தார், ஏப்பமும் வந்தது. ஆனால் நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது, பனியன் நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணிதான் இது கேஸ் இல்லை என்று சத்தம் போட்டு வண்டியில் ஏற்றினார். ஈசிஜி எடுத்த உடனேயே மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். நேரத்துக்குப் போனதால் பிழைத்தார். அதற்குப் பிறகு என் ஆட்டோவில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "கேஸ் தம்பி, மெடிக்கலில் நிறுத்து" என்று சொன்னாலும் நான் நிறுத்துவதில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

தம்பி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். வார்டில் இருந்தபோது நான் அதிகம் அழுதது இதற்காகத்தான். கேஸ் என்று விடியும்வரை காத்திருந்துவிட்டு வருவார்கள்.

நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நாலு படி ஏறினால் கூடுவது. இதில் எது இருந்தாலும் 108. ஏப்பம் வந்ததும் லேசாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சுகர்காரர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் அடைப்பும் குமட்டலுமாக மட்டும் வரலாம். காலடிப்பேட்டை தம்பி, இது உங்களுக்கும்தான். ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

பிரஷர், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் பொங்கும் உப்புப் பொடியைத் தண்ணீரில் போட்டுத் தினமும் குடிக்க வேண்டாம். அது சோடியம். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. உள்ளே போன காற்றே ஏப்பமாகத் திரும்பி வருவதைப் பார்த்து வாயு போய்விட்டது என்று நினைக்கிறோம்.

டோல்கேட் 95

எனக்கு 29 வயது. ஐடி வேலை. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் நார்மல். டாக்டர் "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் சாயங்காலம் என் வயிறு கண்ணுக்கே தெரிகிற மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. போட்டோ கூட வைத்திருக்கிறேன். இது கற்பனையா?

தண்டையார்பேட்டை சிஸ்டர்

கற்பனை இல்லை. உப்பிய வயிற்றோடு இருப்பவர்களை சி.டி. ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பலருக்குக் காற்றின் அளவு பெரிதாகக் கூடவே இல்லை. அப்படியும் வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது. காரணம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை கீழே இறங்குகிறது, அதே நேரம் முன்வயிற்றுத் தசை தளர்ந்துவிடுகிறது. உள்ளே இருப்பது மேலே போக இடம் இல்லாமல் முன்னால் தள்ளும். குடலின் கூச்சம் அதிகமாக இருப்பவர்களுக்கு உடம்பு தன்னையறியாமல் இப்படிச் செய்கிறது. பயமும் பதற்றமும் அதைக் கூட்டும், அந்த அளவில்தான் டாக்டர் டென்ஷன் என்றது சரி.

மூச்சுப் பயிற்சி இதற்கு உண்மையிலேயே உதவும். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. விடும்போது இழுத்ததைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு விடு. சாப்பிட்ட பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தும் செய்யலாம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே. சூயிங்கம் பழக்கம் இருந்தால் விட்டுவிடு.

டோல்கேட் 95

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முழுதாகப் போகவில்லை. ஆனால் பயந்து பயந்து வயிற்றைத் தடவிப் பார்ப்பது குறைந்திருக்கிறது. நன்றி அக்கா.

பழைய வண்ணாரப்பேட்டை தாத்தா

பழைய சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே? சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் வயிறு குளிர்ந்துவிடும்.

மெடிக்கல் ஷாப் தம்பி, ராயபுரம்

தாத்தா, நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே குடல் அறுவைச் சிகிச்சைப் பிரிவினர் பழைய சோற்றை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. உப்புசக்காரர்கள் முதலில் சின்னக் கிண்ணத்தில் ஆரம்பிக்கட்டும். சோறு ஆறும்போது அதில் ஒரு பங்கு மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறும், அதுவும் பெருங்குடலில் புளிக்கக்கூடியதுதான். வெங்காயத்துக்குப் பதில் மாவடுவோ மோர் மிளகாயோ தொட்டுக்கொள்ளலாம். சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நம் பக்கம் குழாயில் சாக்கடை கலந்து வரும் நாட்கள் உண்டு. ஜியார்டியா கிருமி தொற்றினால் வாரக்கணக்கில் உப்புசமும், அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பமும், எண்ணெய்ப் பசையாக மலமும் போகும். மலப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்தால் சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் பெருங்காயத்தோடு போராடக் கூடாது.

காலடிப்பேட்டை வாசி

டாக்டரைப் பார்த்தேன். வோக்லிபோஸை எடுத்துவிட்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். கேஸ் மாத்திரை தேவையில்லை என்றார், பி12 பார்க்கச் சொன்னார். உப்புசம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் பாசிப்பருப்பு சாம்பார் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

கொருக்குப்பேட்டை மகள்

எல்லாவற்றையும் படித்தேன். சிஸ்டர் மூன்றாவது வகை என்று எழுதியதைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. 57 வயது. வயிறு காலையிலும் குறைவதில்லை. நாலு வாய் சோறு சாப்பிட்டதும் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். கையும் முகமும் இளைத்திருக்கிறது, வயிறு மட்டும் பெரிதாகிறது. அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறார். கேட்டால் வாயு என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

தண்டையார்பேட்டை சிஸ்டர்

பயப்பட வேண்டாம் கண்ணு, ஆனால் ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதே. 50 வயது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கும் உப்புசம், சீக்கிரம் வயிறு நிரம்புவது, அடிக்கடி சிறுநீர். இவை சேர்ந்து வந்தால் சினைப்பையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்தாலும் இப்படி இருக்கும். அப்படியானால் மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் இரண்டு பக்கமும் சரிந்து பிதுங்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கலாம். சாதாரணமான வேறு காரணமாகவும் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஸ்கேனும் சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. பெண்கள் பிரிவு ஓ.பி.யில் காட்டு. அம்மா "வாயுதான்" என்று டாக்டரிடமும் சொல்லிவிடுவார். நீ கூடவே உள்ளே போய், இங்கே எழுதியதை அப்படியே சொல்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். காரணம் இல்லாமல் இளைப்பது, மலத்தில் ரத்தம் அல்லது தார் மாதிரி கறுத்த மலம், விழுங்கும்போது தடை, நிற்காத வாந்தி, ரத்தசோகை, நடு வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப்பழக்கம். உப்புசத்தோடு இதில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை மகள்

இன்று ஓ.பி.யில் காட்டினோம். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு வியாழக்கிழமை எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவை எப்படித் தயார்ப்படுத்த வேண்டும்?

தண்டையார்பேட்டை சிஸ்டர்

நல்லது செய்தாய். ராத்திரி சீக்கிரம் லேசாகச் சாப்பிடட்டும், காலையில் ஒன்றும் சாப்பிட வேண்டாம். சுகர் மாத்திரை போடுகிறவர் என்றால் அதை அன்று எப்போது போடுவது என்று இன்றே கேட்டுக்கொள். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொள்ளச் சொல், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் சினைப்பை தெளிவாகத் தெரியும். வரிசையில் நேரமாகி அடக்க முடியவில்லை என்றால் உள்ளே இருக்கும் சிஸ்டரிடம் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழைய சீட்டு, போடுகிற மாத்திரை அட்டைகள், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. முடிந்ததும் கொடுக்க இரண்டு இட்லியும் கட்டிக்கொண்டு போ.